'டிக்' என்ற ஒரு சத்தத்தின் வரலாறு

காலையில் அவசரமாகக் கிளம்பும் நேரம். சாவியைத் திருப்பினால் இஞ்சின் உறுமவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. சில கார்களில் 'டிக்டிக்டிக்டிக்' என்று தட்டச்சு இயந்திரம் மாதிரி தொடர்ந்து அடிக்கும். கார் நகராது. "செல்ஃப் எடுக்கலை" என்பார் டிரைவர். பக்கத்தில் நிற்பவர் "பேட்டரி போயிடுச்சு" என்பார். எதிர் வீட்டுக்காரர் "பேட்டரி இல்லை, செல்ஃப் மோட்டார்தான் போச்சு" என்பார். இரண்டுமே பல ஆயிரம் ரூபாய் செலவு வைக்கும் பொருட்கள். யார் பேச்சைக் கேட்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு நூற்றாண்டுக் கதையில் இருக்கிறது. கார் ஸ்டார்ட் ஆவதற்கு ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய வேலைகள் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒரு குறிப்பிட்ட தொல்லையைத் தீர்க்க வந்து சேர்ந்தது. 'டிக்' என்ற சத்தம் அந்த வரிசையின் நடுவில் வருவது. அதாவது, பாதி வேலை நடந்துவிட்டது, மீதி நடக்கவில்லை என்று கார் சொல்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, 'செல்ஃப்' என்ற அந்தச் சொல் பிறந்த காலத்துக்குப் போக வேண்டும்.

பெட்ரோல் இஞ்சினின் பிறவிக் குறை

நீராவி இஞ்சினுக்குள் நீராவியை விட்டால் அது தானே சுழல ஆரம்பிக்கும். மின்சார மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தாலும் அப்படியே. பெட்ரோல் இஞ்சின் அப்படி இல்லை. முதலில் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்க வேண்டும், பிறகு அதை அழுத்த வேண்டும், அதன் பிறகுதான் தீப்பொறி பட்டு வெடித்து சக்தி கிடைக்கும். இழுப்பதற்கும் அழுத்துவதற்கும் சக்தி வேண்டும். ஆனால் ஓடாத இஞ்சினிடம் சக்தி ஏது? சோறு தின்றால்தான் எழுந்திருக்க முடியும், எழுந்தால்தான் சோறு கிடைக்கும் என்கிற நிலைமை! ஆகவே யாராவது வெளியிலிருந்து அதை முதல் சில சுற்றுக்கள் சுற்றிவிட வேண்டும்.

1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான கார்கள் சுமார் 4,200. அவற்றில் நீராவிக் கார்களும் மின்சாரக் கார்களும்தான் அதிகம். பெட்ரோல் கார்கள் மூன்றாம் இடத்தில் இருந்தன. பெட்ரோல் கார் நீண்ட தூரம் ஓடும், டேங்கை நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்று நல்ல குணங்கள் இருந்தும், ஸ்டார்ட் செய்வது பெரிய தலைவலியாக இருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

கையை உடைத்த ஹேண்டில்

காரின் முன்பக்கத்தில் 'ட' வடிவத்தில் வளைந்த ஓர் இரும்புக் கம்பியைச் சொருகி, பலம்கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். இதுதான் கிராங்க். நம் ஊர் டிரைவர்கள் பாஷையில் ஹேண்டில். குளிர்காலத்தில் ஆயில் கெட்டியாகிவிட்டால் இஞ்சினைச் சுற்றுவது இன்னும் கடினம்.

கடினம் என்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆபத்தும் இருந்தது. அந்தக் காலத்துக் கார்களில் தீப்பொறி எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதை டிரைவரே ஒரு நெம்புகோலால் மாற்ற வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது பொறி தாமதமாக வரும்படி வைக்க வேண்டும். மறந்துவிட்டால், பிஸ்டன் மேலே வந்து முடிப்பதற்குள் வெடித்து இஞ்சின் பின்பக்கமாகச் சுழன்றுவிடும். அப்போது ஹேண்டில், சுற்றுகிறவர் கையைத் திருப்பி அடிக்கும். மணிக்கட்டும் முன்கையும் உடைவது சாதாரணமாக நடந்தது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஏற்படும் ஒரு வகை முறிவுக்கு மருத்துவர்கள் வைத்த பெயரே 'ஷோஃபர் முறிவு', அதாவது கார் ஓட்டுநர் முறிவு! கார்களில் ஹேண்டில் ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

இதனால் பழகியவர்கள் சில விதிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். கீழ்நோக்கி அழுத்தக் கூடாது, மேல்நோக்கி இழுக்க வேண்டும். அப்படிச் செய்தால், அது திருப்பி அடித்தாலும் விரல்கள் தானே விடுபட்டுவிடும்.

பாலத்தின் மேல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை

கார் வரலாற்றுப் புத்தகங்களில் தவறாமல் வரும் ஒரு கதை உண்டு. டெட்ராய்ட் நகரத்தில் பெல் ஐல் என்ற தீவுக்குப் போகும் பாலத்தில் ஒரு பெண்ணின் காடிலாக் கார் நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த பைரன் கார்ட்டர் என்பவர் உதவிக்கு இறங்கி ஹேண்டிலைச் சுற்றினார். அவரும் ஒரு கார் தயாரிப்பாளர்தான். 'கார்ட்டர்கார்' அவருடைய நிறுவனம். ஹேண்டில் திருப்பி அடித்து அவர் தாடை உடைந்தது. பிறகு அந்தக் காயத்தின் தொடர்ச்சியாக அவர் இறந்துபோனார். கார்ட்டரின் நண்பரும் காடிலாக் நிறுவனத்தின் தலைவருமான ஹென்றி லேலண்ட் மனம் உடைந்து, "இனி ஒரு காடிலாக் ஒரு மனிதனைக் கொல்லக் கூடாது" என்ற முடிவுக்கு வந்தார் என்று கதை போகிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. விபத்து 1910ல் நடந்ததாகவே பல இடங்களில் சொல்லப்படுகிறது. ஆனால் கார்ட்டர் இறந்தது 1908 ஏப்ரலில், நிமோனியாவால். ஆகவே கதையின் விவரங்கள் வாய்வழியாகப் பயணம் செய்தபோது கொஞ்சம் மாறியிருக்க வேண்டும். இருந்தாலும் இந்தக் கதை ஏன் அத்தனை பேரால் நம்பப்பட்டது என்பதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. கை உடைந்த ஒருவரையாவது அந்தக் காலத்துக் கார்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கல்லாப்பெட்டியிலிருந்து வந்த யோசனை

மின்சார மோட்டாரை வைத்து இஞ்சினைச் சுற்றலாமே என்ற யோசனை புதியதல்ல. இங்கிலாந்தில் 1896லேயே டௌசிங் என்பவர் ஓர் ஆர்னால்ட் காரில் அதைச் செய்து பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் கிளைட் கோல்மன் என்பவர் 1903ல் அதற்கு காப்புரிமை வாங்கினார். ஆனால் நடைமுறையில் எதுவும் நிலைக்கவில்லை. அழுத்திய காற்று, சுருள்வில், அசிட்டிலின் வாயு என்று வேறு பல வழிகளையும் முயன்று பார்த்தார்கள்.

மின்சார மோட்டாருக்கு இருந்த தடை இதுதான். இஞ்சினைச் சுற்றும் அளவுக்குப் பலமான மோட்டார் என்றால் அது மிகப் பெரியதாக இருக்க வேண்டும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பேட்டரி அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், இரண்டையும் ஏற்றினால் காரில் ஆளுக்கு இடம் இருக்காது என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கில் தப்பில்லை. நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்கு அது சரியான கணக்குதான்.

இந்த இடத்தில் சார்லஸ் கெட்டரிங் வருகிறார். 1876ல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கண்பார்வைக் கோளாறால் படிப்பு தடைபட்டு, பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்து, 1904ல்தான் மின்பொறியியல் பட்டம் பெற்றார். வேலைக்குச் சேர்ந்த இடம் டேட்டன் நகரத்தில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம். கடைகளில் கல்லாவில் வைக்கும் பண இயந்திரங்களைச் செய்யும் கம்பெனி அது. வணிகவியல் படிப்பவர்களுக்கு அந்தப் பெயர் அறிமுகமாக இருக்கும்.

அந்தக் காலத்து கல்லா இயந்திரத்தையும் கையால்தான் சுற்ற வேண்டும். கெட்டரிங் அதில் ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்தி மின்சாரத்தில் இயங்க வைத்தார். அந்த மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரே ஒரு கணம் பலமாகச் சுற்றினால் போதும். அந்த ஒரு கணத்துக்கு, மோட்டாரின் தாங்கும் சக்தியைவிடப் பல மடங்கு மின்சாரத்தைச் செலுத்தினாலும் அது சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கார் இஞ்சினைச் ஸ்டார்ட் செய்வதும் அதே மாதிரியான வேலைதான் என்பது கெட்டரிங்குக்குப் புரிந்தது. சில விநாடிகள் சுற்றினால் போதும், பிறகு இஞ்சின் தன்னைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே சின்ன மோட்டார் போதும். சின்ன பேட்டரியும் போதும், ஏனென்றால் இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டாரை டைனமோவாக மாற்றி பேட்டரியைத் திரும்ப சார்ஜ் செய்துகொள்ளலாம். செலவழித்ததை உடனே வரவு வைத்துவிடும் ஏற்பாடு!

1909ல் கெட்டரிங்கும், அதே நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்த எட்வர்ட் டீட்ஸும் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி. சுருக்கமாக 'டெல்கோ'. பட்டறை இருந்தது டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில். காடிலாக் காருக்கு இக்னிஷன் கருவி செய்து கொடுத்து லேலண்டின் நம்பிக்கையை ஏற்கனவே பெற்றிருந்தார்கள். லேலண்ட் ஸ்டார்ட்டர் வேண்டும் என்று கேட்டதும் இரவு பகலாக வேலை நடந்தது. 1911 பிப்ரவரியில் ஒரு காடிலாக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார்கள். அந்த ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அது கிடைத்தது 1915ல்.

ஹேண்டில் இல்லாத கார்

1912 மாடல் காடிலாக் தர்ட்டி காரில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர், மின்விளக்கு, இக்னிஷன் மூன்றும் ஒரே ஏற்பாடாக வந்தன. விலை 1,800 டாலர். இஞ்சினைச் சுற்றும்போது பேட்டரிகள் வரிசையாக இணைந்து 24 வோல்ட் கொடுக்கும். ஓட ஆரம்பித்ததும் இணைப்பு மாறி 6 வோல்ட்டில் சார்ஜ் ஆகும். ஹேண்டில் தேவைப்படாத கார் என்றே விளம்பரம் செய்தார்கள். அந்த ஆண்டு சுமார் 14,000 கார்கள் தயாராயின. லண்டனில் உள்ள ராயல் ஆட்டோமொபைல் கிளப், இதற்காக காடிலாக் நிறுவனத்துக்கு டீவர் கோப்பையைக் கொடுத்தது.

மற்ற கம்பெனிகள் வேகமாகப் பின்தொடர்ந்தன. கடைசியாக இறங்கி வந்தவர்களில் ஹென்றி ஃபோர்டும் ஒருவர். அவருடைய மலிவு விலை மாடல் டி காரில் 1919ல்தான் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. இதில் ஒரு வேடிக்கை, ஃபோர்டின் மனைவி கிளாரா பல வருஷங்கள் ஓட்டியது டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் கார். அதை ஸ்டார்ட் செய்ய ஹேண்டில் தேவையில்லை!

மின்சாரக் கார்களைப் 'பெண்களுக்கான கார்' என்று விற்பது அப்போது வழக்கமாக இருந்தது. பெண்களால் ஹேண்டில் சுற்ற முடியாது என்பது விற்பனையாளர்களின் எண்ணம். ஆனால் 1909லேயே ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண், ஸ்டார்ட்டர் இல்லாத மேக்ஸ்வெல் காரில் நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ வரை 59 நாளில் ஓட்டிச் சென்றார். உடன் சென்ற மூன்று பெண்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே ஸ்டார்ட்டர் வந்ததால்தான் பெண்கள் கார் ஓட்டினார்கள் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. ஆனால் ஆண், பெண், வயதானவர், உடல் பலம் குறைந்தவர் எல்லோருக்கும் பெட்ரோல் காரில் இருந்த ஒரு பெரிய பயம் போனது உண்மை. மின்சாரக் காரிடம் இருந்த முக்கியமான வசதி ஒன்று பெட்ரோல் காருக்கும் வந்துவிட்டது. மாடல் டியின் மலிவு விலை, பெட்ரோல் எளிதாகக் கிடைத்தது, ஊர்களை இணைக்கும் சாலைகள் என்ற மற்ற காரணங்களும் சேர, மின்சாரக் கார்கள் மெல்ல மறைந்தன. பெட்ரோல் காரை ஜெயிக்க வைத்ததில் ஒரு மின்சார மோட்டாருக்கும் பங்கு உண்டு!

டெல்கோ பிறகு கைமாறி ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தது. கெட்டரிங் அங்கே 1947 வரை ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தார். பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையும் 1921ல் அவருடைய பிரிவில்தான் பிறந்தது. பல கோடி மக்களின் உடல்நலத்தைக் கெடுத்த அந்தப் பழக்கம் உலகத்தில் கடைசியாக ஒழிந்தது 2021ல். கைகளைக் காப்பாற்றிய மனிதரின் கணக்கில் இந்தப் பற்றும் இருக்கிறது.

'டிக்' எப்போது வந்தது?

கெட்டரிங்கின் முதல் ஸ்டார்ட்டர்களில் இப்போது கேட்கும் 'டிக்' கிடையாது. அது வந்தது அடுத்தடுத்த மாற்றங்களால்.

முதல் மாற்றம் பெண்டிக்ஸ். ஸ்டார்ட்டர் மோட்டாரின் சிறிய பல்சக்கரம், இஞ்சினின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்சக்கரத்தோடு சேர வேண்டும். இஞ்சின் ஓடியதும் உடனே விலக வேண்டும். இல்லாவிட்டால் வேகமாகச் சுற்றும் இஞ்சின் அந்தச் சின்ன மோட்டாரைச் சிதறடித்துவிடும். வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர், திருகு மரையில் ஓடும் பல்சக்கரம் ஒன்றை வடிவமைத்தார். மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் சக்கரம் மரையில் முன்னால் ஓடிப் பற்களோடு சேரும். இஞ்சின் முந்தியதும் தானே பின்னால் ஓடிவிடும். 1914லிருந்து கார்களில் வர ஆரம்பித்த இந்த ஏற்பாடு பிறகு பல விதமாக மாறிவிட்டது. ஆனாலும் நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றும் அந்தப் பல்சக்கரத்தைப் 'பெண்டிக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டாவது மாற்றம் சொலினாய்டு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போக வேண்டும். இதைத் தாங்கும் சுவிட்ச் கனமானதாக இருக்கும். பழைய கார்களில் டிரைவர் காலால் ஒரு மிதியை அழுத்தி அந்தக் கனமான சுவிட்சை நேரடியாக மூடினார். 1930களில் அந்தக் காலின் வேலையை ஒரு மின்காந்தம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. சின்ன மின்சாரம் ஒரு கம்பிச் சுருளில் பாய்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு 'டிக்' என்று இழுபடும். தண்டின் ஒரு முனை பல்சக்கரத்தை முன்னால் தள்ளும். மறுமுனை ஒரு செப்புத் தகட்டை இரண்டு செப்பு முனைகளின்மேல் அழுத்திப் பெரிய மின்சாரத்துக்குப் பாதை திறக்கும். அந்தத் தண்டு போய் இடிக்கும் சத்தம்தான் நாம் கேட்கும் 'டிக்'.

மூன்றாவது மாற்றம் சாவி. சுவிட்ச் சின்னதானதும் அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாகிவிட்டது. 1949ல் கிரைஸ்லர் நிறுவனம், சாவியைத் திருப்பினாலே ஸ்டார்ட் ஆகும் கார்களைக் கொண்டுவந்தது. பிறகு 1950களின் நடுவில் பெரிய இஞ்சின்களுக்காக அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின.

இந்தியாவில் இந்தப் பழையதும் புதியதும் நெடுநாள் ஒன்றாகவே ஓடின. அம்பாசிடர் காரில் செல்ஃப் இருந்தது, கூடவே முன்பக்கம் ஹேண்டில் சொருகும் துளையும் இருந்தது. பேட்டரி கைவிட்டால் டிக்கியிலிருந்து ஹேண்டில் வெளியே வரும். சென்னை பாடியில் 1961ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்டார்ட்டர் மோட்டார்கள் இந்திய வண்டிகள் பலவற்றில் பொருத்தப்பட்டன. பிறகு வந்த கார்களில் ஹேண்டில் துளை இல்லை. 'டிக்' என்று மட்டும் சொல்லும் காரைக் கையால் எழுப்பும் வழி அதோடு மூடிக்கொண்டது. அதனால்தான் அந்தச் சத்தத்தைப் புரிந்துகொள்வது முன்னைவிட இப்போது அவசியமாகிறது.

இனி நோயைக் கண்டுபிடிப்பது

இப்போது வரிசை தெளிவாகிவிட்டது. சாவி, சின்ன மின்சாரம், சொலினாய்டு, செப்புத் தகடு, பெரிய மின்சாரம், மோட்டார், பல்சக்கரம், இஞ்சின். 'டிக்' கேட்டால் சாவியும் சின்ன மின்சாரமும் சொலினாய்டின் சுருளும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். கோளாறு அதற்குப் பிறகு இருக்கிறது, அல்லது எல்லாவற்றுக்கும் மூலமான பேட்டரியில் இருக்கிறது.

'டிக்டிக்டிக்' என்று விடாமல் அடித்தால்: பெரும்பாலும் பேட்டரி பலவீனம், அல்லது அதன் இணைப்பில் கோளாறு. தண்டு இழுபட்டுப் பெரிய பாதை திறக்கிறது. மோட்டார் மொத்த மின்சாரத்தையும் கேட்கிறது. பேட்டரியின் வோல்ட் சரிந்துவிடுகிறது. தண்டைப் பிடித்திருக்கும் காந்தம் பலமிழந்து அதை விட்டுவிடுகிறது. பாதை மூடியதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது. இது விநாடிக்குப் பல முறை நடப்பதுதான் அந்த தட்டச்சுச் சத்தம்.

ஒரே ஒரு 'டிக்' கேட்டு அப்புறம் அமைதி என்றால்: முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்கி அணைகிற மாதிரி ஆனால், சந்தேகம் பேட்டரி மேலோ இணைப்பு மேலோ போகிறது. வெளிச்சம் கொஞ்சம்கூட மங்காமல் இருந்தால், பெரிய மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. சொலினாய்டின் செப்பு முனைகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரோ எர்த்தோ விட்டுப்போயிருக்கலாம். ஸ்டார்ட்டரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் சில சமயம் எடுத்துக்கொள்வது, சிக்கியிருந்த பிரஷ் விடுபடுவதால்தான். அது வைத்தியம் அல்ல, மெக்கானிக்கிடம் போய்ச் சேருவதற்கான அவகாசம்.

"ஹெட்லைட் நல்லாத்தானே எரியுது, ஹாரனும் அடிக்குது, அப்புறம் எப்படி பேட்டரி போயிருக்கும்?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்குச் சின்ன கணக்குப் போதும். 55 வாட் ஹெட்லைட் பல்புகள் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 9 ஆம்பியர். ஸ்டார்ட்டருக்கு 150 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பது ரூபாய் கொடுக்க முடிந்தவரிடம் நூற்றைம்பது ரூபாய் இருக்கும் என்று எப்படிச் சொல்வது?

இணைப்பிலும் இதே கதைதான். பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்து, அங்கே 0.02 ஓம் தடை மட்டும் உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் போடும்போது அங்கே வீணாவது 0.18 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் போகும்போது வீணாவது 3 வோல்ட். பன்னிரண்டில் மூன்று போனால் ஸ்டார்ட்டர் எழுந்திருக்காது. பேட்டரியில் குற்றமே இல்லாமல் புது பேட்டரி வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புது பேட்டரி போட்டதும் கார் ஓடியும் விடும், ஏனென்றால் மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்திருப்பார்கள்!

ஆகவே செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வது நல்லது. நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் இரண்டு முனைகளையும் கழுவி, உலர்த்தி, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவலாம். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. சாவியைத் திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சார்ஜ் இல்லாமலோ சக்தியிழந்தோ இருக்கிறது. இன்னொரு காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் ஆகிவிட்டால், இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டவில்லை என்றால் குற்றவாளி பேட்டரி அல்ல, அதைச் சார்ஜ் செய்ய வேண்டிய ஆல்டர்னேட்டர். அதைக் கவனிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் சீக்கிரமே அதே 'டிக்' திரும்ப வரும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெள்ளத்தில் நின்ற காரில் ஒற்றை 'டிக்' கேட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. திரும்பத் திரும்ப முயன்றால் உள்ளே கம்பி வளைந்து இஞ்சினே போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல கார்களுக்கு இந்த ஆபத்து இருந்தது. இப்படி வரும் இஞ்சின் சேதத்தைச் சாதாரண காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. அதற்குத் தனியாக இஞ்சின் பாதுகாப்பு சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

மறுபடியும் மின்சாரக் கார்

ஸ்டார்ட்டர் மோட்டாரிடம் தோற்றுப்போன மின்சாரக் கார் நூறு ஆண்டு கழித்துத் திரும்ப வந்துவிட்டது. அதற்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை. ஆனாலும் அதன் பெரிய பேட்டரியோடு கூட ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். கதவுப் பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கனமான சுவிட்சை மூடுவதும் அதுதான். நல்ல நிலையில் உள்ள மின்சாரக் காரை ஆன் செய்யும்போது கேட்கும் 'டக்' சத்தம் அந்தச் சுவிட்சுடையது. அந்தச் சின்ன பேட்டரி இறங்கிவிட்டால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் அளவு மின்சாரம் வண்டிக்குள் இருந்தும் கார் அசையாது.

ஹேண்டில் இருந்த காலத்தில் கார் கிளம்பாவிட்டால் மனிதன் தன் கையைப் பணயம் வைத்தான். கெட்டரிங் அந்த ஆபத்தை நீக்கினார். பதிலுக்கு, கையால் எதுவும் செய்ய முடியாத ஒரு சங்கிலியை நம்பி இருக்கும்படி ஆயிற்று. இந்த மாற்றத்தில் நஷ்டத்தைவிட லாபம் மிக அதிகம், சந்தேகமே இல்லை. அடுத்த முறை யாருடைய காராவது 'டிக்' என்று மட்டும் சொன்னால், கடைக்கு ஓடுவதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள், டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள். எத்தனை 'டிக்' என்று எண்ணிப் பாருங்கள். பேட்டரி வாங்க வைத்திருந்த பணம் பையிலேயே மிஞ்சினாலும் மிஞ்சும்!